தமிழ் கேட்டால் ஓட வேண்டிய லூக்ஸ்

விலங்கு பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, எந்த விலங்கு ஆபத்தானது என்பதுதான். ஓநாய் என்று சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். சாப்பாடு கொண்டு போகிற ஆள்தான் ஆபத்து என்று சொன்னால், கிழவி பகிடி விடுகிறாள் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கூட்டைக் கழுவுவதையும் மருந்தை இறைச்சிக்குள் ஒளிப்பதையும் உங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித் தராத ஒன்றைத்தான் நான் எழுதப் போகிறேன். இது ஒரு லூக்ஸின் கதை. அதைவிட, வாயை மூடத் தெரியாத ஒரு நல்ல மனிதரின் கதை.

ஜேர்மனியில் ஹார்ஸ் மலையடிவாரத்தில் ஒரு விலங்குப் பூங்காவில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். வடக்கத்திய ஊசியிலைக் காட்டு விலங்குகள் எங்கள் பகுதியில் இருந்தன. ஓநாய், குதிரையைவிட உயரமான எல்க் மான், குட்டிக் கரடிபோல் இருக்கும், பெருந்தீனிக்காரன் என்று ஜேர்மன்காரர் பெயர் வைத்திருக்கும் வூல்வரின், அப்புறம் லூக்ஸ். லூக்ஸ் என்பது நாய் அளவுள்ள காட்டுப் பூனை. கட்டை வால், காது நுனியில் கறுப்புக் குஞ்சம், பாதம் பனியில் புதையாத அளவுக்கு அகலம். அந்தப் பகுதியில் தமிழர் இரண்டே பேர். ஒருத்தி நான், யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. மற்றவர் மன்னாரிலிருந்து அகதியாக வந்து இருபது வருடம் உணவகச் சமையலறையில் நின்றுவிட்டு, இடுப்பு நோவால் இங்கே வந்து சேர்ந்த கத்தோலிக்கர். எல்லோருக்கும் அவர் மன்னார் அண்ணை.

இறைச்சி தின்னும் விலங்குகளுக்குக் கிழமையில் ஒரு நாள் பட்டினி போடுவது பூங்காக்களில் வழக்கம். காட்டில் தினமும் யாரும் பரிமாறுவதில்லை அல்லவா? எங்கள் பகுதியில் அந்தப் பட்டினி நாள் வெள்ளிக்கிழமை. நான் வெள்ளியில் மச்சமாமிசம் தொடமாட்டேன், அண்ணையும் வெள்ளியில் இறைச்சி தொடமாட்டார். ஆகவே ஓநாயும் விரதம், லூக்ஸும் விரதம். வூல்வரின் மட்டும் வியாழக்கிழமை கிடைத்ததில் பாதியைப் புதைத்து வைத்து வெள்ளிக்கிழமை தோண்டித் தின்றது. எங்கள் சனத்திலும் இப்படிக் கொஞ்சப் பேர் இருப்பதால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வசந்தத்தில் எங்கள் பெண் லூக்ஸ் ஒரே ஒரு குட்டி போட்டது. அதுவும் பெட்டை. லூக்ஸ் இல்லாமல் போன காடுகளில் அதை மறுபடி வாழவைக்க ஜேர்மனியில் பல இடங்களில் முயற்சி நடக்கிறது. அப்படி ஒரு திட்டத்துக்கு எங்கள் குட்டியைக் கேட்டார்கள். தெற்கே ஒரு மலைக்காடு. வண்டு அரித்துப் பட்டுப்போன ஸ்புரூஸ் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும் இடம். அதைப் பார்க்கும் மனிதர் காடு செத்துவிட்டது என்று மூக்கைச் சிந்துகிறார்கள். லூக்ஸுக்கு அது மாளிகை. லூக்ஸ் துரத்திப் பிடிக்கிற விலங்கு இல்லை. பதுங்கிக் கிடந்து, மான் பக்கத்தில் வந்ததும் பாய்கிற விலங்கு. விழுந்த மரத்துக்குப் பின்னால் பதுங்க இடம், நடுவே முளைத்த இளங்கன்றுகளை மேய வரும் மான் என்று எல்லாம் அங்கே இருந்தன.

அங்கே போவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. குட்டி மனிதரைக் கண்டால் ஓட வேண்டும். மனிதன் வந்தால் சாப்பாடு வரும் என்று நம்புகிற லூக்ஸ், காட்டை விட்டு ஊருக்கு இறங்கும். பிறகு துப்பாக்கி, இல்லாவிட்டால் திரும்பவும் கூடு. அதனால் தாயைவிட்டுப் பிரியும் வயது வந்ததும் குட்டியைப் பூங்காவின் பின்பக்கம், பார்வையாளர் போகாத அடைப்பில் விட்டோம். சுற்றிவரப் பலகை. உணவை நேரம் மாற்றி மாற்றி, ஒரு தட்டியைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டு வந்துவிட வேண்டும். முகம் காட்டக் கூடாது, பெயர் வைக்கக் கூடாது, ஒரு சொல் பேசக் கூடாது. குளிர்காலம் முடிய திட்டத்தின் உயிரியலாளர் வந்து சோதிப்பார். குட்டி அவரைக் கண்டு ஓடினால் காடு. கிட்ட வந்தால் சாகும்வரை கம்பிக்குள். இந்த வேலை அண்ணைக்கும் எனக்கும் மாறி மாறி வந்தது.

உயிரியலாளர் வரக் குறித்த நாளுக்கு, இங்கத்தைய பேச்சில் டெர்மினுக்கு, சில நாள் இருக்கும்போது, அந்த அடைப்பின் வெளியே ஒரு பலகை கழன்றிருந்ததைப் பார்க்கப் போனேன். பொக்கற்றில் தொலைபேசி அடித்தது. இலண்டனில் இருக்கும் என் அக்கா. அவவின் அழைப்பை எடுக்காவிட்டால் வரும் விளைவு உங்களுக்குத் தெரியாது. எடுத்து, மெதுவாக, ஓம் சொல்லுங்கோ அக்கா என்றேன். பலகை இடுக்கில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தால் லூக்ஸ். பலகைக்கு அந்தப் பக்கம் வந்து, பந்தியில் இலை போடக் காத்திருக்கும் மாப்பிள்ளைத் தோழனைப்போல் சம்மணம் கொட்டி இருக்கிறது.

அக்காவின் அழைப்பை வெட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய் ஜேர்மனில் வணக்கம் சொன்னேன். அடுத்த கணம் அது புதருக்குள். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன், அசையவில்லை. பிறகு தமிழில், எங்கே பிள்ளை என்றேன். புதருக்குள்ளிருந்து முதலில் காதுக் குஞ்சம் வந்தது, பிறகு முகம், பிறகு முழு லூக்ஸும் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. ஜேர்மனியில் பிறந்த எங்கள் பிள்ளைகள் தமிழில் கூப்பிட்டால் இவ்வளவு கெதியாக வந்ததை நான் பார்த்ததில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒருவருடைய வாயால் கெடப் போவது இன்னொரு சீவன். தீவன அறையில் மான் தொடை வெட்டிக்கொண்டு நின்ற அண்ணையிடம் போனேன். கதவைச் சாத்தியதுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"சாப்பிடு பிள்ளை எண்டு மட்டும்தான் தங்கச்சி சொன்னனான்," என்றார். "வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுப் போறது, நாங்கள் நாய்க்கும் செய்யாத வேலை."

அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார். நான் கதவருகே நகராமல் நின்றேன். அப்போது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இடுப்பு நோவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்த இடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் சாப்பாடு இல்லாததற்குத் தட்டியடியில் நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். தாயைப் பிரிந்த குட்டி, தனியாகக் கிடந்து என்ன செய்யும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். சமையலறையில் இருபது வருடம் பரிமாறிய மனிதரிடம், பேசாமல் பரிமாறு என்று சொன்னோம். ஒரு துண்டுக் கடதாசியில் விதி எழுதிக் கதவில் ஒட்டினால் இரத்தம் மாறிவிடும் என்று நினைத்தோம். அதில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அடுத்து அவர் சொன்னதில்தான் வந்தது.

"சோதிக்க வாறவன் ஜேர்மன்காரன். அவன் தமிழே கதைக்கப் போறான்? பிள்ளை ஓடும், பாஸ் பண்ணும். காட்டுக்கை ஆர் தமிழ் கதைக்கப் போயினம்?"

நான் அவரை நன்றாகப் பார்த்தேன். எங்கள் சனம் போகாத காடு ஜேர்மனியில் எது? ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒரு சங்கம் பேருந்து பிடித்து, கிடாரம், அடுப்பு, ஒலிபெருக்கி எல்லாவற்றுடனும் மரத்தடியில் இறங்கும். கோழி வாட்டும் மணம் ஒரு மலை தாண்டி அடிக்கும். பிள்ளையள் சாப்பிட வாங்கோ என்று யாராவது ஒருத்தி கூப்பிடுவாள். கூப்பிட்டதும் இது போய்ப் பந்தியில் குந்தும். ஒருவர் கோழிக்கால் நீட்டுவார், பத்துப் பேர் படம் எடுப்பார்கள். மனிதரிடம் போனால் வயிறு நிறையும் என்ற பாடம் உறுதியாகிவிடும். அதற்குப் பிறகு அது தமிழனா ஜேர்மன்காரனா என்று பார்த்து வீட்டுப் படி ஏறப் போவதில்லை. ஒரு மாதத்தில் சுட்டுவிடுவார்கள்.

இதை நான் சொல்லச் சொல்ல அண்ணையின் கையிலிருந்த கத்தி மேசைக்கு இறங்கியது. எங்கள் பகுதித் தலைவியிடம் சொல்லப் போகிறேன் என்றேன். சொல்லாதேங்கோ என்றார்.

"என்னை நிப்பாட்டினா நிப்பாட்டட்டும் தங்கச்சி. அதையெல்லோ நிப்பாட்டிப் போடுவினம். உந்தக் கூட்டுக்கையே கிழடாப் போகும்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சொன்னால் அது கம்பிக்குள்ளே கிடக்க நேரலாம். சொல்லாவிட்டால் சோதனையில் தேறும், காட்டில் சாகும். அண்ணையோ தொழிற்பயிற்சித் தாள் எதுவும் இல்லாதவர், வேலை போனால் இன்னொன்று கிடைக்காத வயது. என்ன செய்வீர்கள்? எனக்கும் அன்று தெரியவில்லை. சோதனையில் தேறுவதும் காட்டில் பிழைப்பதும் வேறு வேறு என்பது மட்டும் தெரிந்தது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தலைவியின் அறைக்குப் போனேன். அண்ணை என் பின்னாலேயே வந்தார், கழுவாத கையோடு.

எங்கள் தலைவி என்னைவிட வயதில் இளைய ஜேர்மன்காரி. அவர் முகத்துக்குச் சிரிப்பு வருவதென்றால் முதலில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து, காட்டுங்கள் என்றார். மூன்று பேரும் போனோம். நான் கூப்பிட்டேன், லூக்ஸ் வந்தது. தலைவி பலகை இடுக்கில் பார்த்தபடியே, அந்தச் சொல்லைத் தனக்குச் சொல்லித் தரச் சொன்னார். சாப்பிடு என்று அவர் சொல்லும்போது அது தும்மலுக்கும் கட்டளைக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக வந்தது. லூக்ஸ் ஓடி மறைந்தது. இத்தனை மாதத்தில் அதற்கு உச்சரிப்புப் பிடிபட்டிருந்தது.

அவர் சிரிக்கவில்லை. உயிரியலாளரை அழைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லி, டெர்மினைத் தள்ளிவைக்கக் கேட்டார். அந்த மனிதர் ஒரு சந்தர்ப்பம் தர ஒப்புக்கொண்டதாக வந்து சொன்னார். கெட்டுப்போனது திருந்தினால் பார்க்கலாம். ஆனால் சோதனை தமிழில் நடக்கும். கூப்பிடப் போவதும், பழக்கிய அதே மனிதர்.

அண்ணையை வேறு பகுதிக்கு மாற்றுவார் என்றே நினைத்தேன். தலைவி அப்படிச் செய்யவில்லை. பழக்கம் அவருடைய குரலில்தான் இருக்கிறது, அவர்தான் அதைக் கழற்ற வேண்டும் என்றார். எனக்கு வாய்த்த மேலதிகாரிகளில் அவரை நான் மறக்காமல் இருப்பது இந்த ஒரு முடிவுக்காக. பிழைவிட்டவரைத் துரத்தினால், அந்தப் பிழையின் ஆழம் தெரிந்த ஒரே ஆளையும் சேர்த்துத் துரத்தி விடுகிறோம்.

வேலை இதுதான். தமிழில் பேச வேண்டும், குட்டி கிட்ட வந்ததும் பெரிய கிடார மூடியில் கரண்டியால் அடித்துக் குழாய்த் தண்ணீரைப் பீச்ச வேண்டும். இனிச் சாப்பாட்டைத் தலைவி மட்டும் சத்தமின்றி வைப்பார். தமிழ் என்றால் சாப்பாடு என்பது போய், தமிழ் என்றால் தொல்லை என்று ஆக வேண்டும். கிடார மூடியை அண்ணையே வீட்டிலிருந்து கொண்டுவந்தார். முதல்நாள், பிள்ளை என்று கூப்பிட்டார். அது வாலை ஆட்டாத குறையாக வந்தது. அண்ணை மூடியைத் தட்டிய தட்டில் ஒரு கோழிக்குஞ்சும் எழும்பாது. தண்ணீரை ஆகாயத்துக்குப் பீச்சினார். திட்டுங்கோ அண்ணை என்றேன். அவருக்குத் திட்டவும் வரவில்லை. போ என்று தனியாகச் சொல்ல அவர் வாய் வளையவில்லை, போயிட்டு வா என்றுதான் வந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. குழாயை அவர் கையிலிருந்து பறித்து, இந்தக் கருணையைக் கொண்டுபோய்க் கோயிலில் வையுங்கோ, இஞ்சை அதுக்கு இது துப்பாக்கிக் குண்டுதான் என்று கத்தினேன். நான் கத்தியதும் லூக்ஸ் காதை மடக்கிப் பின்வாங்கியது. அண்ணை என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார். மூடியை நிமிர்த்திப் பிடித்து, பிள்ளை என்று முன்போலவே அன்பாகக் கூப்பிட்டு, அது திரும்பியதும் ஓங்கி அடித்தார். மலை முழுதும் எதிரொலித்தது. விலங்குகளின் மனவருத்தம் முகத்தில் தெரியாது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அதன் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணையின் முகத்தில் தெரிந்தது.

இரண்டு குரல் போதாது, வேறு தமிழ்க் குரல்களும் வேண்டும் என்று தலைவி சொன்னார். என் தொலைபேசியில் அக்கா அனுப்பிய குரல் செய்திகள் குவிந்து கிடந்தன. மருமகளைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி, என்னைப் பற்றி. அவற்றை ஒலிபெருக்கியில் போட்டு மூடியை அடித்தோம். கொஞ்ச நாளில் மூடி தேவைப்படவில்லை, அக்கா தொண்டையைச் செருமினாலே லூக்ஸ் அடைப்பின் மறுகோடியில் நின்றது. அவவின் குரல் கேட்டு ஓடிய முதல் சீவன் அதுவல்ல. எங்கள் அத்தானும் அந்த வேகத்தில்தான் தோட்டத்துக்குப் போவார்.

அண்ணை அந்த நாட்களில் யாருடனும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டு இடைவேளையில் தன் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைச் சொன்னால் அழுதுவிடுவார் என்று, வூல்வரினைப் பற்றி ஏதாவது பகிடி சொல்லி எழும்பிப் போய்விடுவேன்.

சோதனை நாள் வந்தது. உயிரியலாளர் மெலிந்த, உயரமான, நல்ல மனிதர். ஏமாற்று இருக்கக் கூடாது, முன்பு எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே கூப்பிட வேண்டும் என்று என்னிடம் சொல்லி, அண்ணைக்கு விளங்கப்படுத்தச் சொன்னார். அண்ணைக்கு ஜேர்மன் நன்றாகவே விளங்கும். அவர் ஏற்கெனவே தட்டியடிக்குப் போய்விட்டார். பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு, பிள்ளை, சாப்பிட வா என்றார். மூடி இல்லை, குழாய் இல்லை. ஒரு தாய்கூட அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மனதில் ஒரு மூலை அது வரவேண்டும் என்று ஆசைப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்தால் அது அவரோடே இருக்கும். குட்டி காதைத் தலையோடு ஒட்டி, ஒருமுறை சீறிவிட்டு, ஸ்புரூஸ் கன்றுகளுக்குள் புகுந்து மறைந்தது. அண்ணை திரும்பினார். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது. ஓடீட்டுது என்று எங்களுக்கு அறிவித்தார், நாங்கள் பார்க்காததுபோல.

கழுத்தில் இடம் காட்டும் பட்டி கட்டி, பெட்டியில் ஏற்றி, அந்தத் தெற்கத்திக் காட்டுக்குக் கொண்டுபோனோம். காலையில் பெய்த பனி மரத்தண்டுகளில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. தலைவி, உயிரியலாளர், நான், அண்ணை நால்வரும் வாகனத்துக்குப் பின்னால் நின்றோம். பெட்டிக் கதவு கயிற்றில் மேலே போனது.

லூக்ஸ் வெளியே வரவில்லை. பெட்டியின் உள்மூலையில் ஒட்டிக்கொண்டு இருந்தது. காத்திருந்தோம். காடு எதிரே திறந்து கிடந்தது, அது அசையவில்லை. பயந்த விலங்கு இருக்கிற இடத்தையே வீடாக நினைக்கும். பெட்டியைச் சரிக்கலாம், தட்டலாம், ஆனால் காட்டின் முதல் நினைவாக அதற்கு அடி விழக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே அது போய்ப் பதுங்க இடம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுபோவதுதான் வழி. உயிரியலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவி உயிரியலாளரைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன்.

அவர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார். உத்தரவை மீறுகிறார் என்று தடுக்கப் போன உயிரியலாளரின் கையைத் தலைவி பிடித்தார். அண்ணை பெட்டியின் பின்பக்கம் போய், இடுப்பு நோவோடு மெல்லக் குனிந்து, காற்றுத் துளைக்கு வாயை வைத்தார்.

"பிள்ளை," என்றார், "ராவைக்குக் குளிரும். கவனமா இரு என்ன. மனிசரை நம்பாதை, என்னையும்—"

அதற்குள் அது போய்விட்டது. பெட்டியிலிருந்து பாய்ந்து, பனியை உதறி, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஓடியது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணை நிமிரவில்லை. அதே துளையில் வாயை வைத்தபடி மிச்சத்தையும் வெறும் பெட்டிக்குச் சொல்லி முடித்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

உயிரியலாளர் என் பக்கம் குனிந்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்.

நன்றாகத் திட்டிவிட்டார் என்றேன்.